மகேந்திரவர்மன் மாறாமல் இருந்திருந்தால்?

1534இல் எட்டாம் ஹென்றி போப்பை விட்டு விலகாமல் இருந்திருந்தால், இங்கிலாந்து கத்தோலிக்க நாடாகவே நீடித்திருக்குமா? இதே கேள்வி நம்ம பக்கத்திலும் இருக்கு.

அப்பரால் சைவத்துக்கு மாறிய பல்லவ மன்னன், பாடலிபுத்திரத்துச் (இன்றைய கடலூர்) சமணப் பள்ளியை இடித்துக் கொண்டுவந்து திருவதிகையில் சிவன் கோயில் கட்டினான் என்கிறது பெரியபுராணம். அவன் 7ஆம் நூற்றாண்டின் முதலாம் மகேந்திரவர்மன் என்பது ஆய்வாளர்கள் கருத்து. ஆனா பெரியபுராணம் 12ஆம் நூற்றாண்டு நூல் என்பதையும் மறந்துடாதீங்க.

அவன் மாறாமல் இருந்திருந்தால்? அப்பர் பாடியிருப்பார்; அரசனின் ஆதரவு கிடைத்திருக்காது. சமணப் பள்ளி இடிபடாமல் நின்றிருக்கலாம்.

ஆனா அரசன் மாறியும் சமணம் அழிஞ்சுடலை. நம்ம உளுந்தூர்ப்பேட்டை பக்கம் திருநறுங்கொண்டைக் குன்றில், பார்சுவநாதரை இன்னைக்கும் வழிபடுறாங்க. அரசனோட மதம் மாறினா மானியம் கைமாறும். ஜனங்க எல்லாரும் கூடவே மாறிடுறதில்லை.