எல்லைக்கென்று ஓர் அலை

ஐப்பசியில் ஹட்டன் பக்கம் காலை வெயிலில் கொழுந்தெடுக்கப் போனவர்கள் அந்தியில் நனைந்துதான் மலையிறங்குவார்கள். அந்த மழையைத் தூண்டிவிடுபவற்றுள் ஒன்று, நமக்குத் தெற்கே 7 பாகை தொலைவிலுள்ள பூமத்திய ரேகையை ஒட்டி மேற்கிலிருந்து வரும் கெல்வின் அலை. காற்றும் காற்றழுத்தமும் சேர்ந்து நகரும் பேரலை அது. ரேகையை விட்டு விலக விலகத் தேய்ந்துவிடும். கிழக்கே மட்டும்தான் போகும். மேற்கே போகும் கெல்வின் அலையை இறைவன் அங்கே படைக்கவே இல்லை.

ஜப்பானியரான மட்சுனோ 1966இல் இதைச் சமன்பாடுகளில் காட்டினார். ஏன் ஒரே திசை என்பதற்கு ஆழமான விடையை 2017இல் டெல்பிளாஸ், மார்ஸ்டன், வெனாய் மூவரும் தந்தார்கள். பூமி சுழல்வதால் ஓடும் காற்று வடபாதியில் வலப்புறமும் தென்பாதியில் இடப்புறமும் விலகுகிறது. ஒன்றுக்கொன்று எதிரான இரு பாதிகள் தொட்டுக்கொள்ளும் எல்லையில் ஒருவழி அலைகள் இருந்தே தீர வேண்டும். சில திடப்பொருள்களின் ஓரத்தில் மட்டும் எலக்ட்ரான்கள் ஒருவழியாக ஓடுவதும் இதே கணிதத்தால்தான். கண்ணுக்கெட்டாத அணுவுக்கும் கடல் தாண்டும் காற்றுக்கும் ஒரே கட்டளை! கைகூப்பாமல் எப்படி இருப்பது?

வானம் மூடி வைத்த பெட்டியுமல்ல. உராய்வில் சக்தியை இழக்கிறது. நீராவி மழையாகும்போது வெப்பத்தைப் பெறுகிறது. வரவும் இழப்பும் உள்ள இத்தகைய அமைப்புகளில் எல்லை இன்னும் வியப்பானது. பத்துக் காம்பரா லயம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு காம்பராவும் தன்னிடமுள்ளதில் கீழ்ப்பக்கத்துக்கு இரண்டு பங்கும் மேல்பக்கத்துக்கு ஒரு பங்கும் கொடுத்துக்கொண்டே இருந்தால், மொத்தத்தில் பாதிக்கு மேல் கடைசிக் காம்பராவில் சேர்ந்துவிடும். லயத்தை வளைத்து முதலையும் கடைசியையும் இணைத்துவிட்டால் குவிவதே இல்லை. எல்லாம் சமமாகச் சுற்றிவரும். நடுவில் எதையும் தொடவில்லை, ஓரத்தை மூடினோம், அவ்வளவுதான்.

இந்த வகைச் சங்கிலியை 1996இல் ஹட்டானோவும் நெல்சனும் ஆராய்ந்தார்கள். ஓரத்தில் குவியும் இயல்பை 2018இல் யாவோவும் வாங்கும் தெளிவாக்கினார்கள். 2020இல் ஜெர்மனியின் ரொஸ்டொக்கில் ஒளியைக் கொண்டே செய்து பார்த்தார்கள்: எங்கே செலுத்தினாலும் ஒளி எல்லையைத் தேடிவந்து குவிந்தது.

காற்றில் மட்டுமல்ல, கடலுக்குள்ளும் இப்படி எல்லையைப் பற்றி ஓடும் கெல்வின் அலை உண்டு. பூமத்திய ரேகையோரம் கிழக்கே போகும் அது சுமாத்திராவில் மோதுகிறது. அதில் ஒரு பகுதி வடக்கே திரும்பி, கரையை வலப்பக்கமாகவே வைத்துக்கொண்டு, பர்மா, வங்காளம், ஆந்திரா, தமிழ்நாடு என்று வங்கக் கடலைச் சுற்றி இலங்கையின் கிழக்குக் கரைக்கு வந்துசேருகிறது.