நாடியை நெரிக்கும் நார்

உணவைக் கண்டால் அஞ்சும் மாணவி ஒருத்தி என் வகுப்பில் இருந்தாள். உண்ட சிறிது பொழுதில் மேல்வயிற்றில் நோவெழும்; ஆதலின் உண்பதையே குறைத்தாள்; மெலிந்தாள். வைத்தியர் இருவர் சோதித்துவிட்டு, மனக்கலக்கமே என்றனர். யானும், “பிள்ளை, பரீட்சைப் பயத்தை விடு” என்று புத்தி கூறினேன். “பயமில்லை ஐயா, நோகுது” என்றாள். திருக்குறளின் மருந்து அதிகாரத்தை யான் படிப்பித்துவந்த நாள்கள் அவை! நோயின் முதலை நாடுக என்று விரித்துரைத்த வாய், அவள் சொல்லை நாடவில்லை.

மூன்றாம் வைத்தியர் அவள் வயிற்றின்மேல் குழாயை வைத்துக் கேட்டார். மூச்சை வெளிவிடுந்தோறும் ஓர் இரைச்சல் மிகுந்தது. பிரிமென்றகட்டின் இரு கால்களை இணைக்கும் நார்வளைவு தாழ்ந்திருந்து, இரைப்பை, ஈரல், மண்ணீரல் ஆகியவற்றுக்குக் குருதி செலுத்தும் நாடியையும், அதனைச் சூழ்ந்த நரம்புப் பின்னலையும் நெரிக்கும் நோய் இது. 1963 இல் பின்லாந்தின் ஹார்யோலாவும், 1965 இல் அமெரிக்கரான டன்பாரும் இதனை எழுதினர். (யாழின் தந்திக்கும் நரம்பென்றே பெயரிட்டனர் நம் முன்னோர், அழுத்தினால் அதிர்வு மாறுமன்றோ?)

மூச்சுக்கேற்பக் குருதியோட்டம் மாறுவதை ஸ்கான் காட்டும். ஆயினும் நாடி நெரிந்தும் நோவின்றி வாழ்வார் பலர். ஆகவே இரைப்பைப் புண், பித்தக்கல் முதலியவற்றை விலக்கிய பின்னரே முடிவுகட்டுவர். நரம்புப் பின்னலில் விறைப்பு மருந்தேற்றி, நோவு தணிகிறதா என்று பார்ப்பதும் உண்டு. நாரை அறுத்து விடுவிப்பதே சத்திரசிகிச்சை. இன்று சிறு துளைகள் வழியே செய்கின்றனர். எல்லார்க்கும் முழுச்சுகம் கிட்டுவதில்லை.

இவளுக்குக் கிட்டியது. மூன்று மாதங் கழித்து எம் வீட்டுக்கு வந்தாள். யான் கேட்க எண்ணிய மன்னிப்பு நாவில் எழவில்லை. மனைவி இட்ட இடியப்பம் இரண்டையும் உண்டு, சற்றிருந்து, மூன்றாவதையும் கேட்டு வாங்கினாள்.