மாத்திரைக்கு ஈடு கொடுத்த நடை!

போடியில் இருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள். காலையிலேயே ஜீப்புகள் ஏலத்தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு மலை ஏறுகின்றன. தோட்டத்தில் இறங்கியதும் அவர்களுக்கு நடைதான். ஊருக்குள் கடையில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறவருக்கு அந்த நடை இல்லை. சர்க்கரை வியாதிக்குப் பிடித்த ஆள் இவர்தான்!

வியாதி வருமுன்பே தடுக்க முடியுமா? சென்னை டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் சோதித்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் சர்க்கரை ஏறத் தொடங்கி, வியாதி என்ற அளவை எட்டாத 531 பேரை நான்கு பிரிவாக்கினார்கள். முதல் பிரிவுக்குப் பொதுவான யோசனை மட்டும். இரண்டாம் பிரிவுக்குத் தினமும் அரை மணி நடை, சீனி கூடாது, கொழுப்பைக் குறைத்து, நார்ச்சத்து உணவைக் கூட்ட வேண்டும். மூன்றாவதுக்கு மெட்பார்மின் மாத்திரை. நான்காவதுக்கு நடை, உணவு, மாத்திரை எல்லாம். உடலுழைப்பு உள்ளவர்களிடம், அதையே விடாமல் செய்யச் சொன்னார்கள்.

முடிவு 2006-ல் வெளிவந்தது. மூன்று ஆண்டில் முதல் பிரிவில் 100-க்கு 55 பேருக்கு வியாதி வந்துவிட்டது. நடந்தவர்களில் 39 பேர். மாத்திரைக்காரர்களிலும் ஏறக்குறைய அவ்வளவே! இரண்டையும் சேர்த்தவர்களுக்குக் கூடுதல் லாபம் இல்லை.

நடந்தும் 39 பேருக்கு வந்ததே என்பீர்கள். உண்மைதான். ஆகவே ரத்தப் பரிசோதனையை விடக்கூடாது. ஏலக்காய் டீயில் சீனியைக் குறைப்பதுதான் பலருக்குக் கஷ்டம்!

வியாதி வந்து மாத்திரை சாப்பிடுகிறவர்கள், டாக்டரைக் கேட்காமல் அதை நிறுத்திவிட வேண்டாம். இந்தக் கணக்கு வியாதி வராதவர்களை வைத்துப் போட்டது.