ஷெல் ஸ்கிரிப்டில் தமிழ் நூற்பெயர்கள்: மாறிகளின் ஆக்கமும் வெளியீடும்

தமிழ் நூல்களை எண்ணிமப்படுத்தும் நூலகங்கள், ஆயிரக்கணக்கான கோப்புகளுக்குப் பெயரிடவும் பட்டியலிடவும் ஷெல் ஸ்கிரிப்டைப் பயன்படுத்தலாம். அதில் நூற்பெயரைத் தாங்கி நிற்பது மாறி. மாறியைக் கையாள்வதில் நேரும் சிறு பிழையும் நூற்பெயரைச் சிதைத்துவிடும். அப்பிழைகள் தோன்றும் இடங்களைப் பாஷ் ஷெல்லை அடிப்படையாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

மாறியின் பெயர், சமக்குறி, மதிப்பு ஆகிய மூன்றையும் இடைவெளியின்றி எழுத வேண்டும். சமக்குறிக்கு முன் இடைவெளி விட்டால், ஷெல் மாறியின் பெயரைக் கட்டளை எனக் கருதும். மாறியின் பெயரில் ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு ஆகியவையே இடம்பெறலாம். முதற்குறி எண்ணாதல் கூடாது. மதிப்போ தமிழில் அமையலாம். ‘திருக்குறள் பரிமேலழகர் உரை’ போன்று இடைவெளியுடைய மதிப்பை மேற்கோள் குறிக்குள் இடுதல் வேண்டும்.

மதிப்பைப் பெற, மாறியின் பெயருக்கு முன் டாலர் குறி இடப்படும். அதனை இரட்டை மேற்கோளுக்குள் வைத்தல் இன்றியமையாதது. வைக்காவிடின், மேற்காட்டிய பெயர் மூன்று சொற்களாகப் பிரியும். கோப்பை நீக்கும் கட்டளை மூன்று வேறு கோப்புகளைத் தேடும். வெளியிடுவதற்கு எக்கோவினும் பிரிண்ட்எஃப் நம்பகமானது. சிறு கோட்டுடன் தொடங்கும் மதிப்பை எக்கோ தனக்குரிய விருப்பக்குறியாகக் கொள்ளக்கூடும்.

தமிழுக்கே உரிய சிக்கல் நீளத்தை அளப்பதில் எழுகிறது. ‘தமிழ்’ என்னும் சொல் இலக்கணப்படி மூன்று எழுத்து. யூனிகோடில் ஐந்து குறியீட்டுப் புள்ளி. யூடிஎஃப்-8 முறையில் 15 பைட். யூடிஎஃப்-8 மொழிச்சூழலில் பாஷ் 5 என்னும். ‘சி’ எனப்படும் அடிப்படைச் சூழலில் 15 என்னும். 3 என ஒருபோதும் கூறாது.

லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பமைப்பில் கோப்புப் பெயரின் எல்லை 255 பைட். அதாவது 85 தமிழ்க் குறியீட்டுப் புள்ளிகள். ஆகவே நெடும்பெயர்களைச் சுருக்க நேரிடும். ‘தமிழ்’ என்பதை நான்கு புள்ளிகளில் வெட்டினால் மெய்யின் புள்ளி நீங்கித் ‘தமிழ’ என நிற்கும். பத்துப் பைட்டுகளில் வெட்டினால் இறுதிக்குறி படிக்கவியலாததாகும். எழுத்தெண்ண, உயிர்க்குறிகளையும் மெய்ப்புள்ளியையும் நீக்கி எஞ்சியவற்றைக் கணக்கிடலாம். க்ஷ, ஸ்ரீ போன்ற கிரந்தக் கூட்டெழுத்துகளுக்குத் தனி விதி வேண்டும். வெட்டுமிடத்தை அடுத்து அத்தகைய குறி நின்றால், வெட்டை ஓரெழுத்து பின்னுக்கு நகர்த்துதல் தகும்.

கருவி எண்ணுவது குறியீட்டை. தமிழர் எண்ணுவது எழுத்தை. இவ்வேறுபாட்டை ஸ்கிரிப்ட் எழுதும்போதே கருதினால் நூற்பெயர் சிதையாது. தேடுவோர்க்கு நூலும் கிட்டும்.