ஐடியாவுக்கும் போடணும் பிள்ளையார் சுழி!

இலங்கைக்குப் பாலம் கட்டப் புறப்பட்ட ராமர், வேலையை ஆரம்பிக்கும் முன் உப்பூர் வெயிலுகந்த விநாயகரை வணங்கினார் என்பது ஐதீகம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ராமேஸ்வரம் போகிறவர்கள் பலர் இன்றும் இங்கே ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் கிளம்புகிறார்கள்.

புதிதாக ஒரு கருவியைக் கண்டுபிடித்து, அதை வைத்தே தொழில் தொடங்க நினைக்கும் இளைஞர்களுக்கும் இப்படியொரு முதல் வேலை இருக்கிறது. அதை விட்டுவிட்டு, சிலர் உற்சாகத்தில் வீடியோ எடுத்து யூடியூபில் போட்டுவிடுகிறார்கள். சிலர் ஐடியா திருடுபோய்விடும் என்று பயந்து, யாரிடமும் மூச்சுவிடாமல் பூட்டி வைக்கிறார்கள். இரண்டுமே நஷ்டம்தான்.

இந்தக் கடற்கரையே இதற்கு ஒரு நல்ல உதாரணம் வைத்திருக்கிறது. உப்பூருக்குத் தெற்கே மண்டபம் பக்கம், மூங்கில் மிதவைகளில் கப்பாஃபைகஸ் என்ற கடல்பாசியை வளர்க்கிறார்கள். பெரும்பாலும் மீனவப் பெண்கள். சுமார் 45 நாளில் அறுவடை. பாசியைக் காயவைத்து விற்பார்கள். ஐஸ்கிரீம், பற்பசை போன்றவற்றைக் கெட்டியாக்கும் கராஜீனன் என்ற பொருள் அதிலிருந்துதான் வருகிறது. பச்சைப் பாசியில் இருக்கும் சாறு மட்டும் வெயிலில் வீணாகிக்கொண்டிருந்தது.

மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகளுக்கு அந்தச் சாறுதான் கண்ணில் பட்டது. காயவைக்காமல், பறித்த பாசியை அப்படியே அரைத்துப் பிழிந்தார்கள். சாறு பயிர்களுக்குத் தெளிக்கும் திரவ உரமானது. சக்கையிலிருந்து கராஜீனன் கிடைத்தது. ஒரே பாசியில் இரண்டு சரக்கு! முறைக்கு 2005-ல் அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. அதன்பிறகு தனியார் நிறுவனத்துக்கு உரிமம் தரப்பட்டு, உரம் கடைகளுக்கு வந்தது. முதலில் பதிவு, பிறகு பகிர்வு. இந்த வரிசைதான் முக்கியம்.

ஏனென்றால், இந்தியக் காப்புரிமைச் சட்டம் ‘புதுமை’யைக் கறாராகப் பார்க்கிறது. விண்ணப்பிக்கும் முன்பே ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்ட விஷயம், சில விதிவிலக்குகள் தவிர, புதுமை இல்லை. நீங்களே போட்ட வீடியோ உங்களுக்கே எதிரியாகிவிடும்.

அதற்காகக் கருவி முழுசாகத் தயாராகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தற்காலிக விண்ணப்பம் என்று ஒன்று உண்டு. ஐடியா என்ன, எப்படி வேலை செய்யும் என்று படத்தோடு எழுதி ஆன்லைனில் கொடுத்தால் போதும். தனிநபருக்குக் கட்டணம் 1,600 ரூபாய். அன்றைய தேதி உங்களுக்கு. ஆனால், எழுதாமல் விட்ட விஷயத்துக்கு அந்தத் தேதி உதவாது. அதனால் கஞ்சத்தனம் இல்லாமல் எழுத வேண்டும். அதற்கு முன் கூகுள் பேட்டன்ட்ஸில் ஒருமுறை தேடிவிடுவது நல்லது. நம் ஐடியாவை யாரோ எப்போதோ பதிவு செய்திருப்பது சாதாரணமாக நடப்பதுதான்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். விவசாய முறைகளுக்கு இங்கே காப்புரிமை கிடையாது. ‘பாசியை இப்படி வளர்க்கலாம்’ என்று போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதை அறுக்கப் புதுக் கருவி செய்திருந்தால் விண்ணப்பிக்கலாம்.

பதிவுக்குப் பிறகு வாயைத் திறக்கலாம், திறந்தே ஆகவேண்டும். மிதவையில் நிற்கும் அக்காவிடம் காட்டினால்தான் கைப்பிடி வழுக்குகிறது என்று தெரியும். லேத் பட்டறைக்காரரிடம் கொடுத்தால்தான் அதே பாகத்தைப் பாதி விலையில் செய்ய வழி கிடைக்கும். கோவை முருகானந்தம் நாப்கின் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கிய பிறகு, அதைப் பெரிய நிறுவனங்களிடம் விற்காமல் மகளிர் குழுக்களிடமே கொண்டுபோனார். 2016-ல் அவருக்கு பத்மஸ்ரீ.

தற்காலிக விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து 12 மாதத்துக்குள் முழு விவரத்தையும் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் கைவிடப்பட்டதாகக் கணக்கு. பதிவு செய்த அன்றைக்கே வீட்டுக் காலண்டரில் வட்டம் போட்டுவிடுங்கள்.