முதலில் இருக்கை, பிறகு மைல்

கடன் அட்டையில் சேரும் புள்ளிகளைப் பெரும்பாலோர் என்ன செய்கிறார்கள்? வங்கிச் செயலியில் உள்ள பரிசுப் பட்டியலைத் திறந்து, ஒரு மிக்ஸியோ டிராலி பையோ ஷாப்பிங் கூப்பனோ வாங்கிக்கொள்கிறார்கள். அப்படிச் செலவழித்தால் பல அட்டைகளில் ஒரு புள்ளிக்கு 20, 25 பைசாதான் தேறும். அதே புள்ளியை விமான நிறுவனத்தின் மைலாக மாற்றி, பொருத்தமான நாளில் பொருத்தமான இருக்கைக்குக் கொடுத்தால் ஒரு ரூபாய்க்கு மேல்கூடக் கிடைக்கும். இது தெரிந்து மைலாக மாற்றுகிறவர்களிலும் பலர் கடைசியில் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார்கள். காரணம், அவர்கள் புள்ளிகளை முதலில் மாற்றிவிட்டு அப்புறம் டிக்கெட் தேடுவதுதான். டிக்கெட் இருக்கிறது என்று உறுதியான பிறகே புள்ளியில் கை வைக்க வேண்டும். இந்த வரிசை ஒன்றைப் பிடித்துக்கொண்டாலே பாதித் தொல்லை தீர்ந்துவிடும்.

அமெரிக்காவில் 1978-ல் விமானப் போக்குவரத்தின் மீதான அரசுக் கட்டுப்பாடுகள் விலக்கப்பட்டதும், நிறுவனங்களுக்கு இடையே கட்டணப் போட்டி மூண்டது. அடிக்கடி பறக்கும் வாடிக்கையாளர் கைநழுவிப் போகாமல் இருக்க, 1981 மே 1 அன்று அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ‘ஏஅட்வான்டேஜ்’ திட்டத்தைத் தொடங்கியது. சில நாள்களிலேயே யுனைடெட்டும் பின்தொடர்ந்தது. அப்போது மைல் என்றால் பறந்த தூரத்துக்கான பரிசு. இன்று விமான நிறுவனங்கள் மைல்களை மொத்தமாக வங்கிகளுக்கு விற்கின்றன. வங்கிகள் அவற்றை அட்டைதாரருக்குக் கொடுக்கின்றன. நாம் அட்டையைத் தேய்க்கும் ஒவ்வொரு முறையும் கடைக்காரர் செலுத்தும் கட்டணத்திலிருந்தும், தவணை தவறியவர்கள் கட்டும் வட்டியிலிருந்தும்தான் அதற்கான பணம் வருகிறது. இந்த வியாபாரத்தின் பருமனைக் கொரோனா காலம் காட்டியது. விமானங்கள் தரையில் நின்ற 2020-ல் யுனைடெட் தன் மைல் திட்டத்தை அடமானமாக வைத்து 680 கோடி டாலர் திரட்டியது. டெல்டா 900 கோடி டாலர் திரட்டியது.

விமான நிறுவனத்துக்கு இவ்வளவு பெரிய சொத்தாக இருக்கும் ஒன்று, நமக்கும் அதே அளவுக்குச் சொத்தாக இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. நம் கணக்கில் இருப்பது ஒரு வாக்குறுதி மட்டுமே. அதன் விலையை எப்போது வேண்டுமானாலும் மாற்றும் உரிமை அவர்களிடம் இருக்கிறது.

சென்னைக்கு வராத விமானத்தின் மைல்

புதிதாக இதில் இறங்குகிறவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது கூட்டணிகளை. ஸ்டார் அலையன்ஸ் 1997-லும், ஒன்வேர்ல்டு 1999-லும், ஸ்கைடீம் 2000-லும் உருவாயின. ஒரு கூட்டணியில் உள்ள ஒரு நிறுவனத்தின் மைலைக் கொண்டு, அதே கூட்டணியின் வேறொரு நிறுவனத்தில் பறக்கலாம். சென்னையிலிருந்து பறக்கும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், லுஃப்தான்சா, தாய் ஏர்வேஸ், 2014-ல் சேர்ந்த ஏர் இந்தியா ஆகியவை ஸ்டார் அலையன்ஸ். பிரிட்டிஷ் ஏர்வேஸ், கத்தார், மலேசியா ஏர்லைன்ஸ், கேத்தே பசிபிக், அதே 2014-ல் சேர்ந்த ஸ்ரீலங்கன் ஆகியவை ஒன்வேர்ல்டு. எமிரேட்ஸும் எத்திஹாதும் எதிலும் சேராமல் தனியாக நிற்கின்றன.

ஆகவே, சென்னைக்கு விமானமே விடாத ஏர் கனடாவின் ‘ஏரோபிளான்’ புள்ளிகளைக் கொண்டு சென்னை–ஃபிராங்ஃபர்ட் லுஃப்தான்சாவில் இடம் பிடிக்க முடியும். பிரிட்டிஷ் ஏர்வேஸின் ‘ஏவியோஸ்’ இருந்தால் சென்னையிலிருந்து கொழும்புக்கு ஸ்ரீலங்கனில் போகலாம். அந்த ஏவியோஸையே கத்தார் ஏர்வேஸ் கணக்குக்கும் மாற்றிக்கொள்ளலாம். எந்த விமானத்தில் பறக்கப் போகிறோம் என்பதும், எந்தத் திட்டத்தின் மைலைக் கொடுக்கப் போகிறோம் என்பதும் இரண்டு தனித்தனிக் கேள்விகள்.

ஒரே இருக்கைக்குத் திட்டத்துக்குத் திட்டம் விலை மாறும். மைல் எண்ணிக்கை மட்டுமல்ல, கையிலிருந்து கட்டும் பணமும் மாறும். மைல் கொடுத்து வாங்கும் டிக்கெட் முழுக்க இலவசம் என்று பலர் நம்புகிறார்கள். விமான நிலையக் கட்டணமும் அரசு வரியும் எப்படியும் உண்டு. அவற்றோடு, டிக்கெட்டின் கட்டண விவரத்தில் ‘ஒய்க்யூ’, ‘ஒய்ஆர்’ என்ற குறியீடுகளோடு ஒரு தொகை ஒளிந்திருக்கும். எரிபொருள் கூடுதல் கட்டணம் என்று அதற்குப் பெயர். நீண்டதூரப் பயணத்தில் இது மட்டுமே பல ஆயிரம் ரூபாயைத் தொட்டுவிடும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தன் சொந்த விமானங்களில் மைல் டிக்கெட்டுக்கு இதை வாங்குவதை 2017-ல் நிறுத்தியது. ஏரோபிளான் 2020 நவம்பரிலிருந்து வாங்குவதில்லை. முன்னே சொன்ன ஃபிராங்ஃபர்ட் விமானத்தின் அதே இருக்கையை லுஃப்தான்சாவின் சொந்தத் திட்டத்தில் எடுத்தால் இந்தத் தொகை சேரும்; ஏரோபிளானில் எடுத்தால் சேராது. லண்டனிலிருந்து திரும்புகிறவர்களுக்கு இன்னொரு செலவு காத்திருக்கிறது. பிரிட்டிஷ் அரசு புறப்படும் பயணிகளிடம் வசூலிக்கும் வரி மைல் டிக்கெட்டுக்கும் உண்டு. பிசினஸ் வகுப்பில் அது இரண்டு மடங்குக்கு மேல். லண்டனில் இறங்கி, ஐரோப்பாவைச் சுற்றிவிட்டு வேறு நாட்டிலிருந்து ஊர் திரும்பினால் அந்த வரியில் பெரும்பகுதி மிச்சமாகும்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள்

மைலுக்கு மதிப்புப் போடும் முறை எளிது. பணம் கொடுத்து வாங்கினால் ஆகும் கட்டணத்திலிருந்து, மைல் டிக்கெட்டுக்குக் கையிலிருந்து கட்டும் தொகையைக் கழியுங்கள். மீதியை மைல்களின் எண்ணிக்கையால் வகுங்கள். சிங்கப்பூருக்கு ஒரு வழி டிக்கெட் 14,000 ரூபாய் என்றும், அதற்கு 20,000 மைலும் 4,000 ரூபாய் வரியும் கேட்கிறார்கள் என்றும் வைத்துக்கொள்வோம். 10,000-ஐ 20,000-ஆல் வகுத்தால் மைலுக்கு 50 பைசா. பணம் கொடுத்தே வாங்கிவிடலாம். மைல் அப்படியே இருக்கட்டும். கட்டணம் 30,000-க்கு ஏறிவிட்ட டிசம்பர் விடுமுறை வாரத்தில் அதே 20,000 மைலுக்கு இடம் கிடைத்தால் மைலுக்கு 1 ரூபாய் 30 பைசா. அப்போது யோசிக்காமல் எடுக்கலாம்.

பிசினஸ் வகுப்பில் இந்தக் கணக்கு இன்னும் பெரிதாகத் தெரியும். மைலுக்கு 3 ரூபாய், 4 ரூபாய் கிடைத்ததாகச் சொல்கிறவர்கள் எல்லாம் அந்த வகுப்பில்தான் எடுத்திருப்பார்கள். ஆனால் இரண்டு லட்சம் ரூபாய் டிக்கெட்டை நாம் ஒருநாளும் காசு கொடுத்து வாங்கப் போவதில்லை என்றால், இரண்டு லட்சம் மிச்சம் பிடித்தோம் என்று சொல்வதில் பொருளில்லை. நான்கு பேர் கொண்ட குடும்பம் ஒரு பிசினஸ் இருக்கைக்கு ஆகும் மைலில் இரண்டு எகானமி இருக்கைகள் எடுத்தால், அதுவே நல்ல செலவு என்பது என் கருத்து. எழுபதைத் தாண்டிய பெற்றோர் பதினாறு மணி நேரம் பயணம் செய்ய வேண்டும் என்றால் அந்தக் கருத்தை மாற்றிக்கொள்வேன்.

எல்லா இருக்கைகளும் மைலுக்குக் கிடைக்காது என்பதுதான் இந்த விஷயத்தின் மையம். ஒவ்வொரு விமானத்திலும் சில இருக்கைகளை மட்டும் குறைந்த மைல் விலைக்கு ஒதுக்குகிறார்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் இதற்கு ‘சேவர்’ என்று பெயர். கூட்டணி நிறுவனங்களுக்குத் திறந்துவிடுவது அதிலும் ஒரு பகுதிதான். அட்டவணை திறக்கும் காலத்தில், அதாவது ஏறக்குறைய ஒரு வருடம் முன்னால், சில இடங்கள் தென்படும். புறப்படுவதற்கு இரண்டு மூன்று வாரம் இருக்கும்போது, விற்காமல் மிஞ்சியவற்றில் சில மறுபடி திறக்கும். ஏப்ரல்–மே பள்ளி விடுமுறை, தீபாவளி, பொங்கல், கிறிஸ்துமஸ் வாரங்களில் தேடினால் கண்ணில் படுவது அரிது. செவ்வாய், புதன்கிழமைகளில் கிளம்பவும், ஒரு இடத்துக்குப் பதில் பக்கத்து நகரத்தில் இறங்கவும் தயாராக இருப்பவருக்குத்தான் இது அதிகம் பலன் தரும்.

தேடும்போது ஒரு பொறி உண்டு. கூட்டணி நிறுவனத்தின் இருக்கையை இணையதளம் காட்டும். பயணிகள் பெயர் வரை கேட்கும். கடைசிப் பக்கத்தில் பிழை என்று திருப்பி அனுப்பிவிடும். உண்மையில் அந்த இடமே இருந்திருக்காது. எனவே அதே கூட்டணியின் இன்னொரு திட்டத்திலும் அதே விமானத்தைத் தேடிப் பாருங்கள். இரண்டிலும் தெரிந்தால் நம்பலாம். சந்தேகம் இருந்தால் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையைக் கூப்பிட்டு, விமான எண்ணையும் தேதியையும் சொல்லி, இடம் இருக்கிறதா என்று கேட்டுவிடலாம்.

இவ்வளவும் முடிந்த பிறகே வங்கியிலிருந்து புள்ளியை மாற்றுங்கள். ஒருமுறை மாற்றினால் திரும்ப வராது. சில திட்டங்களுக்கு நிமிடங்களில் போய்ச் சேரும். சிலவற்றுக்கு நாள்கணக்கில் ஆகும். அதற்குள் இருக்கை போய்விடும் அபாயம் இருப்பதால், மாற்று விமானம் ஒன்றையும் குறித்து வைத்துக்கொள்வது நல்லது. மாற்றும் விகிதத்தையும் பாருங்கள். ஒரு புள்ளிக்கு ஒரு மைல் தரும் அட்டையும் இருக்கிறது, இரண்டு புள்ளிக்கு ஒரு மைல் தரும் அட்டையும் இருக்கிறது. ஒரே அட்டையிலேயே திட்டத்துக்குத் திட்டம் விகிதம் மாறுவதும் உண்டு.

இனிஷியல் தரும் தலைவலி

நம் ஊர்க்காரர்களுக்கே உரிய ஒரு சிக்கலைப் பொதுவான வழிகாட்டிகள் எதுவும் சொல்வதில்லை. வங்கிக் கணக்கில் ‘முருகன் எஸ்’ என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து தந்தையின் பெயர் குடும்பப் பெயர் இடத்தில் வந்திருக்கும், அல்லது அந்த இடம் காலியாக இருக்கும். விமான நிறுவனத்தின் மைல் கணக்கைத் தொடங்கியபோது அவசரத்தில் வேறு எப்படியோ எழுதியிருப்போம். வங்கிப் பெயரும் மைல் கணக்கின் பெயரும் ஒத்துப்போகாவிட்டால் மாற்றம் நிராகரிக்கப்படலாம். மைல் கணக்கின் பெயரும் பாஸ்போர்ட்டும் ஒத்துப்போகாவிட்டால் டிக்கெட்டில் சிக்கல். மைல் கணக்கைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே தொடங்குங்கள். பிறகு வங்கியில் உள்ள பெயரை அதற்கு ஏற்பத் திருத்துங்கள். இதற்குக் கிளைக்கு நேரில் போக வேண்டியிருக்கலாம் என்பதால் பயணத்துக்குப் பல மாதம் முன்பே முடித்துவிடுங்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக உள்ளவர்கள் வளைகுடா வழியாகப் போகும்போது கூடுதலாக விசாரிப்பது அவசியம். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்குச் சுற்றுலா விசாவில் நுழைய அனுமதியில்லை என்று விதி கொண்டுவந்ததும், தந்தை பெயரோ குடும்பப் பெயரோ பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் இருந்தால் போதும் என்று விளக்கம் தந்ததும் பலருக்கு நினைவிருக்கும்.

பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளுக்கு மைல் டிக்கெட் மிகவும் பொருந்தும். பணம் கொடுத்து வாங்கும்போது சர்வதேச ஒரு வழி டிக்கெட், போய்வரும் டிக்கெட்டின் பாதி விலையைவிட மிக அதிகமாக இருப்பதுண்டு. பெரும்பாலான திட்டங்களில் மைல் டிக்கெட்டில் ஒரு வழிக்குச் சரிபாதிதான். பேரக்குழந்தை பிறப்புக்குப் போகும் அம்மா எப்போது திரும்புவார் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. போக ஒன்று, வர ஒன்று என்று தனித்தனியாக எடுக்கலாம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் ‘கிரிஸ்ஃபிளையர்’ போன்ற திட்டங்களில், நம் மைலில் பிறருக்கு டிக்கெட் எடுக்க நாமினியாகச் சிலரை மட்டும் பதிவுசெய்ய முடியும். கிரிஸ்ஃபிளையரில் ஐந்து பேர். யாரைச் சேர்ப்பது என்பதை நிதானமாக முடிவுசெய்யுங்கள்.

சேர்த்து வைப்பதற்கு அல்ல

வருடக்கணக்கில் புள்ளி சேர்த்து வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆக்சிஸ் வங்கியின் மேக்னஸ் அட்டையில் 5 புள்ளிக்கு 4 மைல் என்று இருந்த விகிதம், 2023 செப்டம்பரில் 5-க்கு 2 என்று பாதியானது. 2012-ல் கிங்ஃபிஷர் பறப்பதை நிறுத்தியது. 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றது. அதன் மைல் திட்டம் தனி நிறுவனமாக இருந்ததால் வேறு பெயரில் பிழைத்தது என்றாலும், எந்த விமானங்களில் பறக்கலாம் என்று சேர்த்தார்களோ அவை இல்லாமல் போயின. கிரிஸ்ஃபிளையர் மைல்கள் மூன்று வருடத்தில் காலாவதியாகும். பணத்தை வங்கியில் போட்டால் வட்டி வரும். மைலைப் போட்டு வைத்தால் தேய்மானம்தான் வரும்.

இதைவிட முக்கியமான ஒரு கணக்கு இருக்கிறது. 150 ரூபாய்க்கு 5 புள்ளி தரும் உயர்ந்த ரக அட்டையில் ஒரு லட்சம் செலவழித்தால் 3,333 புள்ளி கிடைக்கும். புள்ளிக்கு ஒரு ரூபாய் என்றால் 3,333 ரூபாய். அந்த ஒரு லட்சத்தைக் கெடுவுக்குள் கட்டாமல், மாதம் 3.5 சதவீத வட்டி போடும் அட்டையில் ஒரே ஒரு மாதம் தள்ளிப்போட்டால் வட்டி 3,500 ரூபாய். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 630 ரூபாய். மொத்தம் 4,130. ஒரே மாதத்தில் புள்ளிகளின் முழுப் பலனும் போய்க் கைக்காசும் போகும். மாதாமாதம் முழு பில்லையும் கட்ட முடியாதவர்கள் இதில் இறங்கவே வேண்டாம் என்று அழுத்தமாகச் சொல்கிறேன். கல்யாணத்துக்கு நகை வாங்கும்போது அட்டைக்கு 2 சதவீதம் கூடுதலாகக் கேட்கும் கடைகளில், அந்த 2 சதவீதத்தையும் புள்ளியின் மதிப்பையும் ஒப்பிட்டுவிட்டுத் தேயுங்கள். வாடகை, பெட்ரோல், வாலட்டில் பணம் ஏற்றுவது போன்றவற்றுக்குப் பல அட்டைகள் புள்ளியே தருவதில்லை.

டிக்கெட் கையில் வந்த பிறகும் ஒரு வேலை பாக்கி. ஏரோபிளானில் எடுத்த லுஃப்தான்சா டிக்கெட்டுக்கு ஏர் கனடா ஒரு முன்பதிவுக் குறியீடு தரும். லுஃப்தான்சாவின் கணினியில் அதே பயணத்துக்கு வேறொரு குறியீடு இருக்கும். அதைக் கேட்டு வாங்கி, லுஃப்தான்சா தளத்தில் போட்டுப் பாருங்கள். பயணச்சீட்டு எண் 13 இலக்கத்தில் இருக்க வேண்டும். ஏர் கனடா வழங்கியதென்றால் 014 என்று தொடங்கும். அந்த எண் விழாமல் வெறும் முன்பதிவு மட்டும் இருந்தால், டிக்கெட் இன்னும் அச்சாகவில்லை என்று பொருள். அன்றே கூப்பிட்டுக் கேட்டுவிடுங்கள். அப்பா அம்மாவுக்கு வீல்சேர் வேண்டும், சைவச் சாப்பாடு வேண்டும் என்பதையெல்லாம் அந்த இரண்டாவது குறியீட்டை வைத்து, அவர்கள் ஏறப்போகும் விமானத்தின் நிறுவனத்திடமே பதிவுசெய்ய வேண்டும்.