லயத்து நாய்க்கு யார் பொறுப்பு?

புதுதில்லி: தெருநாய்களை எங்கே வைப்பது என்ற வாதம் 2025-ஆம் ஆண்டில் தலைநகரில் ஓயவில்லை. தில்லி சுற்றுவட்டாரத் தெருநாய்கள் அனைத்தையும் பிடித்துக் காப்பகங்களில் அடைக்குமாறு உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு ஆகஸ்ட் 11-இல் உத்தரவிட்டது. ஆகஸ்ட் 22-இல் மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் திருத்தியது. கருத்தடை, குடற்புழு நீக்கம், தடுப்பூசி ஆகியவை முடிந்த பின் பிடித்த இடத்திலேயே விடலாம் என்றும், வெறிநோய் கண்டவையும் மூர்க்கமானவையும் மட்டுமே விலக்கு என்றும் அது கூறியது. பள்ளி, மருத்துவமனை, பஸ், ரயில் நிலைய வளாகங்களிலிருந்து நாய்களை அகற்றுமாறு நவம்பர் 7-இல் மற்றோர் உத்தரவு வந்தது.

பிடிப்பதா, விடுவதா என்ற இந்த வழக்காடலில் தடுப்பூசி ஓரத்துக்குத் தள்ளப்பட்டுவிட்டது. அதன் அருமை தெரிய வேண்டுமானால் தில்லியை விட்டு மலையேற வேண்டும்.

இடுக்கி மாவட்டத்தில் மூணாறை ஒட்டியுள்ள பள்ளிவாசல், இன்றைய கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம் 1940-இல் இயங்கத் தொடங்கிய ஊர். சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். அவற்றின் லயங்களில் தலைமுறைகளாகத் தமிழ்த் தொழிலாளர்கள். லயத்து நாய் ஒரு வீட்டுக்குச் சொந்தமானதல்ல. நான்கு வீட்டுச் சோற்றை உண்டு, அனைவருக்கும் காவல் இருக்கும். சட்டமோ நாய்களை இரண்டாகவே பிரிக்கிறது. 2023-ஆம் ஆண்டின் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி வளர்ப்பு நாய்க்கு உரிமையாளர் பொறுப்பு. தெருநாய்க்கு உள்ளாட்சி அமைப்பு பொறுப்பு. லயத்து நாய் எந்தக் கணக்கில் சேரும்?

வெறிநோய்த் தடுப்பூசி போட்ட சான்றுடன் ஊராட்சியில் நாய்க்கு உரிமம் பெறவேண்டும் என்பது கேரள விதி. ஆனால், யார் பெயரில் விண்ணப்பிப்பது? 1998-ஆம் ஆண்டின் அந்த உரிம விதிகள் பன்றிகளுக்கும் நாய்களுக்கும் மட்டுமே என்பதால் பூனை அவற்றில் இடம்பெறவில்லை. ஆயினும், நோயுற்ற பூனையின் கடியும் கீறலும் அதே ஆபத்தைத் தரக்கூடியவை.

குட்டிக்கு மூன்று மாதத்தில் முதல் ஊசி, பின்னர் ஊக்க ஊசி, அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறை. மருந்தை 2 முதல் 8 டிகிரி குளிரில் காத்து மலைத் தோட்டம்வரை கொண்டுசெல்லவேண்டும். இது தவறினால் செலவு மனிதர் தலையில் விழுகிறது. கடிபட்டவர் காயத்தைச் சோப்பு நீரில் 15 நிமிடம் கழுவிய பின், முதல் நாள், 3, 7, 28-ஆம் நாள் என நான்கு முறை மருத்துவமனை செல்லவேண்டும். தினக்கூலிக் குடும்பத்துக்கு ஒவ்வொரு பயணமும் ஒரு நாள் கூலி. ஆழமான காயத்துக்கு இம்யூனோகுளோபுலினும் தேவை. நோய்க்குறி தோன்றிவிட்டால் மீட்க வழியில்லை.

2024-இல் நாடெங்கும் 37,17,336 நாய்க்கடி நிகழ்வுகளும், வெறிநோய் எனச் சந்தேகிக்கப்படும் 54 மரணங்களும் பதிவானதாக மத்திய அரசு மக்களவையில் தெரிவித்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வோ ஆண்டுக்கு சுமார் 5,700 மரணங்கள் என மதிப்பிடுகிறது. அவையில் வாசிக்கப்பட்ட எண்ணுக்கும் இதற்கும் நூறு மடங்கு இடைவெளி. இதைக் கேள்வி நேரத்தில் யாரும் பிடித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

வழி இல்லாமல் இல்லை. கோவாவில் மாநில அரசும் 'மிஷன் ரேபிஸ்' அமைப்பும் வீடுவீடாகவும் தெருத்தெருவாகவும் வலையுடன் சென்று, ஆண்டுக்கு சுமார் 95 ஆயிரம் நாய்களுக்கு ஊசி போட்டன. இலக்கு, மொத்த நாய்களில் 70 சதவீதம். நாய்களிடையே நோய் 92 சதவீதம் குறைந்தது. மனித மரணம் நின்றது என 2022-இல் வெளியான ஆய்வு கூறியது. வளர்ப்பு நாயா, தெருநாயா என அங்கே முதலில் கேட்கப்படவில்லை.

கேரளத்திலோ கருத்தடைப் பணியைச் செய்துவந்த குடும்பஸ்ரீ மகளிர் குழுக்கள், வாரிய அங்கீகாரம் இல்லை என்பதால் 2021 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தால் விலக்கப்பட்டன. 2022 செப்டம்பரில் மாநிலமெங்கும் தடுப்பூசி முகாம்கள் நடந்தன. அப்போது போட்ட ஊசியின் காலம் ஓராண்டில் முடிந்துவிடுகிறது. அதன்பின் பிறந்த குட்டிகளோ ஊசியையே பார்த்திராதவை. நாய்வழி வெறிநோயை 2030-க்குள் ஒழிப்பது என்பது மத்திய அரசு 2021-இல் வகுத்த தேசிய செயல்திட்டத்தின் இலக்கு. அந்தத் திட்டத்தின் குளிர்பெட்டி அடுத்து எந்தத் தேதியில் தோட்டத்துக்கு வரும் என்பதே லயத்தார் கேட்க வேண்டிய கேள்வி.